மோட்டார் சூடாயிடுச்சு

"மறுபடியும் நின்னுபோச்சா? நீங்க மெக்கானிக்கா, இல்ல வேடிக்கை பார்க்க வந்தவரா?"

மேனேஜரம்மாவின் குரலில் பேக்கிங் கூடமே அதிர்ந்தது. பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சைரன்'. காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம் பெல்ட் நின்றுவிடும். உடனே சைரன் ஊத ஆரம்பித்துவிடும்.

"மோட்டார் சூடாயிடுச்சு மேடம். கொஞ்சம் ஆறணும்" என்று தலையைச் சொறிந்தார் மெக்கானிக்.

"அதுக்கு இருக்கற சூடு உங்களுக்கு இருந்தா இது நிக்குமா?"

அந்தப் பெண்களில் 'வாயாடி' என்று பெயர் எடுத்தவள் அதற்குள் அட்டைப்பெட்டி அறைக்கு ஓடிக் கதவைத் தாழிட்டு, பால் எடுக்கும் பம்ப்பை மார்பில் வைத்திருந்தாள். வீட்டில் நாத்தனார் மடியில் அவளுடைய நாலு மாதப் பெண் குழந்தை இருந்தது.

பெல்ட் ஓடும்போது ஒருத்தி எழுந்தாலும் டப்பாக்கள் குவிந்துவிடும். சாப்பாட்டு நேரம் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். வேலைக்குத் திரும்பிய புதிதில் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு உயிர் போனது. எடுக்காமல் விட விட, பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தைக்கு இனி டப்பா பால்தான் என்று அழுதுகொண்டிருந்தபோதுதான் பெல்ட் நிற்க ஆரம்பித்தது. பாலும் பழையபடி சுரந்தது. அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள் பாவம்.

நேற்றுதான் விஷயம் தெரிந்தது. மெக்கானிக் யாரும் பார்க்காதபோது ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டார் மறைவில் உட்கார்ந்து ஹாயாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, எனக்காகவா?" என்றவளிடம், "போய்ப் பாலை எடும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று நேற்றிலிருந்து வியந்துகொண்டே இருந்தாள்.

"நாளைக்கும் நின்னுச்சுன்னா உங்க சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

வெளியே சைரன் அலறியதும் வாயாடிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டுமே எடுத்திருந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, பாட்டிலும் கையுமாக, அதற்குள் தன் அறைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்த மேனேஜரம்மாவிடம் போனாள்.

"மேடம், அண்ணனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவர் எனக்காகத்தான் நிறுத்தறாரு. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

மேனேஜரம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

"உன் வாய் இருக்கே! இதைக் கூடத்துல நின்னு சொல்லித் தொலைச்சியா?"

"இல்ல மேடம்."

"நல்ல வேளை. அங்க கேமரா இருக்கு. முதலாளி வீட்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பாரு. நான் கத்தலைன்னா அவரே இறங்கி வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்துடுவாரு."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றாள் வாயாடி.

"நிறுத்தச் சொன்னதே நான்தான்டி. எனக்கு ரெண்டாம் மாசமே பால் நின்னுபோச்சு. அன்னைக்கு எனக்குன்னு பெல்ட்டை நிறுத்த யாரும் இல்ல."

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் மேனேஜரம்மா.

"பாதிதானே இருக்கு? போ, மிச்சத்தையும் எடு. அதுவரைக்கும் நான் அவரை இன்னும் கொஞ்சம் திட்டறேன்."