குண்டு பட்ட தூண்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் ஆம்புரோஸ்தான்.

1984-இல் நான் ஈப்போவில் குப்பை லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் எங்களை வேலை வாங்கும் மண்டோர். நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று, பிள்ளைத்தாய்ச்சியான என் பெண்டாட்டி செல்லாயியைக் கூட்டிக்கொண்டு புந்தோங்கில் குடியேறிய வருஷம் அது. ஒரு திங்கட்கிழமை காலை ஆம்புரோஸ் என்னைக் கூப்பிட்டு லோரிச் சாவியை வாங்கிக்கொண்டான். மண்வெட்டியைக் கொடுத்தான்.

"இன்னையிலேர்ந்து உனக்கு லோங்காங் வேலை."

"ஏண்ணே?"

"போடான்னா போ."

பதினொரு வருஷம் சாக்கடைக்குள் நின்றேன். அவனோடு பேசுவதை அன்றோடு விட்டேன். லோரியை மட்டும் விட முடியவில்லை. இன்றும் கனவில் ஓட்டுகிறேன். பனிக்குள் சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாக விலகி வழி விடும். சக்கரம் மண்ணில் படாது. பின்னால் குப்பையும் இருக்காது.

இப்போது ஈப்போவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க மனுப் போடுகிறார்கள். பழைய டவுனில் எந்தச் சுவருக்கு என்ன வயசு என்று எழுதிக்கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி யார் என்றால், எழுபத்தெட்டு வயசு ஆம்புரோஸ். தலையில் தொப்பி, கழுத்தில் அட்டை.

பூட்டிக் கிடக்கும் ஒரு கடைவீட்டின் முன்தூணில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே போனதும் குரலைத் தாழ்த்துவான்.

"ஜப்பான்காரன் குண்டு பட்ட இடம்."

எல்லோரும் படம் எடுப்பார்கள்.

குண்டும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. நான்தான். என் கையிலிருந்து லோரி போவதற்கு மூன்று நாள் முன்னால், விடியற்காலையில் லோரியைப் பின்னால் எடுத்தபோது இடித்தது. தெருவில் ஆளே இல்லை. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். செல்லாயியிடம்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் அந்த ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்து, குனோங் ராபாட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஊர் இன்னும் கண் திறக்காத மாதிரி இருந்தது. எங்கேயோ கோப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. பஸ்ஸில் வரும்போதே ஆம்புரோஸ் தலை குனிவதை மனசுக்குள் நூறு தடவை பார்த்துவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஷர்மினி என்ற பெண் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டுதான்னு ஆதாரம் இருக்கா அங்கிள்? ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. ஊரோட மனுவே படுத்துரும்."

"நான் சொல்றேன்லா. நாப்பது வருஷமா சொல்றேன்."

நான் முன்னால் போய் நின்றேன்.

"நாப்பது வருஷமா பொய் சொல்றாரும்மா. இது லோரி இடிச்சது."

ஆம்புரோஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்படியா அங்கிள்? லோரிய யார் ஓட்டினது?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிடிப்பார்களோ? பேப்பரில் போடுவார்களோ?

ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றினான்.

"நான்தாம்மா ஓட்டினேன். மண்டோர்னு பேருதான், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. வெட்கத்துல குண்டுன்னு கதை கட்டிட்டேன். இதைப் பட்டியல்லேர்ந்து அடிச்சிரு."

அவள் தாளில் அந்த வரியை அடித்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, அவன் கழுத்து அட்டையைக் கேட்டாள்.

"சோரி அங்கிள். இனிமே வேற ஆளைப் பார்த்துக்கிறோம்."

அவர்கள் போன பிறகு, அந்த ஐந்தடி நடைபாதையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். எனக்குக் கனவா என்று இருந்தது.

"எப்போலேர்ந்துண்ணே தெரியும்?"

"அன்னைக்கே. லோரிக்குப் பின்னாடி சுண்ணாம்பு அப்பியிருந்துச்சு. நான்தான் தேச்சுக் கழுவினேன்."

"அப்புறம் ஏன் சாவியைப் பிடுங்கினீங்க?"

"கட்டடத்து முதலாளி தவுக்கே திங்கட்கிழமை டிரைவரையெல்லாம் நிக்க வச்சு விசாரிக்கிறேன்னான். உனக்குப் பொய் வராது. கேட்டா அப்பவே ஒத்துக்குவே, வேலை போயிரும். செல்லாயிக்கு அப்போ ஒன்பது மாசம். அதான் உன்னை அந்த வரிசையிலேர்ந்து எடுத்தேன். பழைய குண்டுப் பள்ளம், பூசி வச்சிருந்தது உதிர்ந்துருச்சுன்னு தவுக்கேகிட்ட சொன்னேன். நம்பிட்டான். அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"நீ எங்கடா பேச விட்டே?"

தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

அதெல்லாம் சரி. தவுக்கே விசாரித்துவிட்டுப் போன பிறகாவது லோரியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே? பதினொரு வருஷச் சாக்கடைக்கு ஆம்புரோஸ் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறான். வீடு தேடிப் போய்க் கேட்டு வாங்கத்தான் போகிறேன்.

அந்தப் பெண் இன்னும் ஊரில்தான் இருக்கிறாளாம். வழியில் என்னைப் பார்த்து, லோரியை ஓட்டினது யார் என்று மறுபடியும் கேட்டுவைப்பாள். அவள் முதலில் கோலாலம்பூருக்குப் போய்ச் சேரட்டும்.