டப்பாவில் இருந்த செட்

செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போல் சாலையோரம் குனிந்து, கந்தல் துணியைப் பிரித்தேன்.

உள்ளே உடைந்த கண்ணாடி. அரைமணி நேரத்துக்கு முன்னால் என் பட்டறையில், என் சுத்தியலால், நானே உடைத்தது.

வளைவின் அந்தக் கோடியில் போலீஸ்காரம்மா டேப்பைப் பிடித்து டயர் தடத்தை அளந்துகொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். இருந்தும் ஒரு கண்ணை அவர்மேலேயே வைத்திருந்தேன்.

இந்த வம்பெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் தொடங்கியது.

டர்ட் பைக்குக்கு லைட் கிடையாது, ஹார்ன் கிடையாது, பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. காட்டுப் பாதையில் அது பாட்டுக்குப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தார்ச் சாலையில் சக்கரம் பட வேண்டுமானால் அத்தனையும் வேண்டும் என்பது சட்டம். அத்தனையும் ஒரே ஒரு செட் என் டப்பாவில் இருந்தது. வண்டியைப் பதிவு செய்யும் சோதனை நாளன்று காலையில் மாட்டுவேன். அதிகாரி ஹார்னை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவார். வண்டி திரும்பி வந்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன், அடுத்த வண்டிக்கு ஆகும் என்று. ஏழு வருடத்தில் அந்த ஒரே ஹார்ன் நாற்பது வண்டிகளுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

யாரும் குறை சொன்னதில்லை. மரக்கிளையில் பட்டு உடையப்போகிற கண்ணாடி எவனுக்கு வேண்டும்?

டீச்சர் மட்டும்தான் கேட்டார். காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். இன்று காலை சோதனை முடிந்து வந்து நான் ஸ்பானரை எடுத்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அது இருக்கட்டுமே. காட்டுக்கு முன்னாடி நாலு கிலோமீட்டர் ரோடு இருக்கு."

நான் சிரித்தேன். நாலு கிலோமீட்டர்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம் என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாலை இருட்டத் தொடங்கியபோது போன் வந்தது. டீச்சர் பைக்கை வளைவில் ஒரு லாரி உரசிவிட்டது, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது, பைக் பள்ளத்தில் கிடக்கிறது, அவர் பையில் உங்கள் பட்டறைச் சீட்டு இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார் போலீஸ்காரம்மா. எதிரே வந்த பைக்கில் லைட்டே இல்லை என்று லாரிக்காரர் சத்தியம் செய்கிறாராம்.

உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எந்த வளைவு என்றுதான் கேட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நினைவுக்கு வந்தது டீச்சர் இல்லை. பட்டறை. லைசென்ஸ். ஜெயில். அதற்கெல்லாம் பிறகுதான் டீச்சர்.

லைட்டும் கண்ணாடியும் சாலையில் உடைந்து கிடந்தால், வண்டியில் அவை இருந்தன என்றுதானே அர்த்தம்?

டப்பா செட்டை உடைத்துக் கொண்டுவந்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையில் தூவினேன். லைட்டின் வளைந்த துண்டு ஒன்றை, பார்த்தால் இயல்பாக இருக்கட்டும் என்று ஓரத்து மண்ணில் பாதி புதைத்தேன். அந்த நேரத்திலும் வேலை சுத்தம். கந்தலைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தபோது, பள்ளத்தில் கிரேன் சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது.

பைக் மெல்ல மேலே வந்தது. முதலில் பின்சக்கரம். அப்புறம் சீட். கடைசியாகச் சேறு சொட்டச் சொட்ட ஹேண்டில்பார்.

அதில் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. முழுசாக. ஒன்றின்மேல் கடையில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. என்னிடம் கேட்டுக் கிடைக்காததை வேறு எங்கேயோ வாங்கி மாட்டியிருக்கிறார்.

நடுவில் ஒரு புது லைட். அது எரிந்துகொண்டிருந்தது. சேற்றில் முகம் புதைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

கிரேனில் பைக் ஒரு சுற்றுச் சுற்றியது. வெளிச்சம் சாலைமேல் ஓடி வந்து, நான் தூவியதையெல்லாம் ஒன்று விடாமல் பளபளக்கவைத்தது.

போலீஸ்காரம்மா டேப்பைச் சுருட்டியபடி நடந்து வந்தார். பைக்கைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். ரத்தம் வருவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"டீச்சருக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு, உயிருக்குப் பயமில்ல. லைட் போட்டுத்தான் வந்தேன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, நான்தான் நம்பல. அது சரி, இது எந்த வண்டியோட கண்ணாடி, அண்ணே?"