இடது கால்

“எந்தக் காலுடி நொண்டுது? எட்டாவது வரைக்கும் படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு” என்று பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா என்னைக் கேட்டாள். துணி மூட்டை சுமக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு கழுதைதான். நடக்கும்போது அது இடது முன்னங்காலை ஊன்றுகிற நேரமெல்லாம் தலை தாழ்ந்தது. இடது கால் என்றேன். பத்து நாள் நான் அந்தக் காலைத் தூக்கிப் பிடிக்க, அக்கா வெந்நீர் ஊற்றி வேப்பெண்ணெய் தடவினாள். தூக்கும்போதெல்லாம் கழுதை நடுங்கித் திமிறியது. “நோவுது பாரு, நீ சொன்னது சரிதான்டி. வுடாமப் புடி” என்பாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பதினோராம் நாள் வந்த மாட்டு டாக்டர் அதை நாலடி நடக்கவிட்டுப் பார்த்தார். “நல்ல கால்ல சாயும்போதுதாம்மா தலை தாழும்” என்று சொல்லி, வலது குளம்பிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். சீழ் உள்ளே ஏறிவிட்டது, இனி மூட்டை சுமப்பது சந்தேகம் என்றார். நாங்கள் இடது காலைத் தூக்கியபோதெல்லாம் பாரம் முழுவதும் அந்தக் கண்ணாடியின் மேல் இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை தயங்கித் தயங்கிப் போனேன். வலது குளம்பில் கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கழுதை திமிறவில்லை. தானாகவே இடது காலை மடக்கி என் பக்கம் தூக்கிக் கொடுத்தது. அதைப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. “அக்கா” என்றேன். காத்தாயி அக்கா வெந்நீர்ச் சட்டியை என் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.