கருத்துச் சொல்லாத நூலகர்

"வீட்டுல எதைக் கேட்டாலும் கருத்தே சொல்லாத புருஷன். அவர்கிட்டேயிருந்து விவாகரத்து கிடைக்குமா?" என்று கேட்டாள், சட்ட நூலகரின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பெண்.

யாருக்கு, எதற்கு என்று கேட்பது நூலகரின் வழக்கமில்லை. கம்ப்யூட்டரில் தேடி, மூன்று தீர்ப்புகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

"மூணுமே மனைவிக்குச் சாதகம். மேல்கோர்ட்டும் மாத்தலை."

"அப்போ கேஸ் போடலாமா?"

"அதுக்கு வக்கீலைத்தான் பார்க்கணும். தேடிக் கொடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது. நான் கருத்துச் சொல்லக் கூடாது."

"உங்க மனசுக்கு என்ன தோணுது?"

"எனக்கா? சர்வீஸ் பூரா எதுவும் தோணாமலே பழகிட்டேன். என்னையும் இங்கே ஒரு அலமாரியாத்தான் கணக்குல வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தீர்ப்புகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நம்ம பொண்ணை எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்னு நேத்து கேட்டப்பவும் இப்படித்தான் சிரிச்சீங்க. வீட்டுச் சாவி இந்தாங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

நூலகர் அலறியடித்துக்கொண்டு எழுந்து, அவள் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"போகாதே! என் கருத்தைக் கேட்டா, அந்த மூணு தீர்ப்புமே தப்பு!"