திங்கட்கிழமைத் துளைகள்

போன திங்கள் வார்த்து வெட்டிய இரும்புத் துண்டின் முகத்தில் மறுபடியும் அதே துளைகள்.

ஊசியால் குத்தியது போல விளிம்பை ஒட்டி இருந்தன. துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

உருகிய இரும்பில் வாயுக் குமிழி வருவது அதிசயமில்லை. பெரிய குமிழி தானாக மேலே வந்து உடைந்துவிடும். சின்னதுதான் கழுத்தறுக்கும். அச்சுக்குள் இரும்பு இறுகும்போது ஓரத்துத் தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். பிறகு கம்பியாக நீட்டும்போது அந்த இடத்தில் வெடிக்கும்.

சரி, வரட்டும். ஏன் திங்கட்கிழமை மட்டும்? ஏன் ரொனி அண்ணனின் ஷிஃப்டில் மட்டும்?

வாயுக் குழாயைப் பார்த்தாயிற்று. சூட்டை அளந்தாயிற்று. அச்சைக் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டியாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன்.

மேலாளர் ஹாஷிம் சேருக்குக் குழப்பமே இல்லை. ஆள்தான் பிழை என்கிறார். ரொனியை வார்ப்பு மேடையிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு அனுப்புவதா இல்லையா என்று இன்று மத்தியானத்துக்குள் நான் சொல்ல வேண்டுமாம். கிடங்குக்குப் போன எவரும் மேடைக்குத் திரும்பி வந்ததில்லை.

ரொனி அண்ணன் கொட்டாஞ்சேனைக்காரர். போன வருடம் வார்ப்பின் இறுகிய தோல் கிழிந்து உள்ளே உருகியிருந்த இரும்பு கொட்டியபோது, மேடையில் கூட நின்ற இருளப்பனை இழுத்தெடுத்தவர் அவர்தான். இருளப்பனின் கை வெந்துபோனது, உயிர் தப்பியது. அப்படிப்பட்டவரை இறக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்று கிடைத்தால் போதும்.

தோள்பையைக் கூடக் கழற்றாமல் மேடைக்கு ஏறினேன். மாளிகாவத்தையில் பஸ் ஏறியதிலிருந்தே அது தோளில் கனத்துக்கொண்டிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை ஷிஃப்ட் இன்னும் தொடங்கவில்லை. ரொனி அண்ணன் தூள் தொட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவர் போல நின்றார்.

அச்சில் ஊற்றும் இரும்பின் மேல் தூவுகிற தூள் அது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் அந்த ஈரமே வாயுவாகி இரும்புக்குள் இறங்கிவிடும். மழைச் சாரல் படாமல் தொட்டியைத் தார்ப்பாயால் மூடிவைப்பவரே ரொனி அண்ணன்தான். அதனால் அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

இப்போது பார்த்தேன். தொட்டியின் மூலையில், ரொட்டிக்கு எடுத்த மாவில் தண்ணீர் சிந்திக் காய்ந்தது போலக் கட்டி கட்டியாக இருந்தது.

இதில் யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் ஒளிக்கவில்லை. நீல மூடி போட்ட காலிப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

“நீங்க தந்த தண்ணிதானே மிஸ். நான் மட்டும் குடிச்சா எனக்கு மட்டும்தானே காவல், இதுல தெளிச்சா மேடையில நிக்கிற எல்லாருக்கும்.”

இருளப்பனின் கை வெந்த நாளிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும் என் உம்மா, ஆபத்து அண்டாமல் காவலுக்கென்று ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதித் தருகிறார். அந்த மேடையில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடு என்பார். திங்கள் காலையில் அதை ரொனி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பழைய போத்தலை வாங்கிக்கொண்டு போவேன். குடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். சாரலுக்குத் தார்ப்பாய் போட்டவர், ஓதிய தண்ணீரை ஈரம் என்று எண்ணவே இல்லை.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிய பிறகு இந்த மேடையில் ஒருவருக்கும் ஒரு சூடு கூடப் படவில்லை என்பதும் உண்மைதான். அதை ஹாஷிம் சேரிடம் எப்படிச் சொல்வது?

ரொனி அண்ணன் காலிப் போத்தலை வழக்கம் போல என்னிடம் நீட்டினார். மற்றக் கையைப் புதியதற்காக விரித்தார்.

புதிய போத்தல் உள்ளே இருந்தும் நான் பையைத் திறக்கவில்லை.

அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது.

“ஏன் மிஸ், உம்மாவுக்குச் சுகமில்லையா?”