வாரேன்

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மனிதக் குரல் அவன் பெயரைக் கேட்டது.

பெயரைத்தான் கேட்டது. அதற்கே அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

கோவில்பட்டியில் பஸ் ஏறினால், சாத்தூர் வருவதற்குள் பக்கத்து சீட்காரரின் சம்பளம், சர்க்கரை அளவு, மூத்த மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பது வரை கறந்துவிடுகிற ஆள். அந்த வாய்தான் பின்லாந்துக்குப் படிக்க வந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது.

கடையில்கூடப் பேச வழியில்லை. சாமானை எந்திரத்திடம் காட்டினால் அதுவே பில் போட்டு, அதுவே நன்றி சொல்லி அனுப்பிவிடும். இரண்டாம் நாள் அதற்கு 'வெல்கம்' என்று பதில் சொல்லிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினான்.

பார்ப்பதற்கும் ஆளில்லை.

இப்போது கேட்டவள் ஐனோ. எதிர் அறைக்காரி, அவன் படிக்கிற கல்லூரிதான். இரண்டு அறைக்கும் ஒரே சமையலறை. இத்தனை நாளும் அவள் சொன்னதெல்லாம் 'ஹாய்'. அவன் பதிலைக் கோர்த்து முடிப்பதற்குள் அவள் கதவு சாத்தியிருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாவல்பழ நிறத்தில் ஏதோ பழம் வைத்துக் கேக் சுட்டிருந்தாள். ஒரு துண்டை வெட்டி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உன் பெயர் செல்லையா, இல்லையா?"

"அது என் அப்பா."

அப்பாவும் உள்ளேதான் இருக்கிறாரோ என்பதுபோல் அவள் அவன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகப் போட்டிருந்த அப்பாவின் பெயர் எப்படிக் கதவில் வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்கினான். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

சிரித்தாள்!

பிறகு மாரிச்செல்வம் என்று அவன் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாகக் கூடவே சொன்னாள். 'ச்'சைக்கூட விடவில்லை. மாரிச்செல்வத்துக்குத் தன் பெயர் இவ்வளவு நீளம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நீளமாக வைத்திருக்கலாம்.

பத்து நிமிடம் பேசினார்கள். அவள் எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

போன் அடித்தது. அம்மா.

அவனும் எழுந்தான். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாயில் தானாக வருவதை, அப்படியே இங்கிலீஷில் போட்டான்.

"ஓகே. ஐ வில் கம்."

"ஓகே" என்றாள் ஐனோ.

அறைக்குள் வந்து போனைக் காதில் வைத்தால், அக்காவின் வளைகாப்பு வீடு மொத்தமும் அதற்குள் இருந்தது. மைக்செட். குழந்தை அழுகை. எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து சுற்றி அடங்கியது.

"ஏய்யா, சாப்டியா?" என்று அம்மா கேட்டு முடிக்கவில்லை. அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள்.

"மருமவனே, அங்க புள்ளைகள்லாம் பேசுதுகளா, இல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுதுகளா?"

"இப்பதான் அத்தை, ஒரு புள்ள கேக்கு குடுத்துச்சு."

"கேக்கா! ஏ மதினி, கேட்டியளா? ஒங்க மவனுக்கு இனி நாம பொண்ணு பாக்க வேண்டாமாம்!"

வீடே சிரித்தது. போன் கை மாறி கை மாறிப் போனது. எல்லோரும் அதையே கேட்டார்கள், அவனும் எல்லோருக்கும் அதையே சொன்னான். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது கேக் கொடுத்த பிள்ளைகள் மூன்று பேராகியிருந்தார்கள்.

"பந்தி நிக்கிய்யா, வச்சிருதேன்" என்றாள் அம்மா.

சத்தம் அறுந்தது.

அறை அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய அறையா இது?

சமையலறைக்குத் திரும்பிப் போகலாமா என்று இருந்தது. ஆனால் சொல்லிக்கொண்டு கிளம்பியாயிற்று. சொல்லிக்கொண்டு கிளம்பியவன் உடனே போய் நின்றால் என்ன நினைப்பாள்? கேக்குக்கு அலைகிறான் என்றுதான். அவன் தெருவாக இருந்தால், நினைத்ததோடு விடாமல் நாலு வீட்டுக்குச் சொல்லியும் இருக்கும்.

கிடைத்த ஒரு ஆளையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். அவள் சிரித்த இடத்தில் நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து.

நாளைக்கு அவள் பழையபடி 'ஹாய்' என்பதோடு நின்றுவிட்டால்?

இரண்டு மணி நேரம் போயிற்று. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான்.

ஐனோ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

மேஜையில் இரண்டு கோப்பை. இரண்டிலும் காபி. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

"வருவேன் என்று சொன்னாயே" என்றாள்.

கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற முகம்.

ஒரு கணம் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது.

சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் கிளம்புகிறேன் என்று பொருள், அதற்காக ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள் என்று. அவள் சிரிக்கலாம். வரப்போவதே இல்லாத ஒருவனுக்காகவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எழுந்து போய்விடவும் செய்யலாம்.

"அம்மா" என்றான். "போனை வைக்கவே விடவில்லை."

ஐனோ தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அங்கே அவர் தனியாக இருக்கிறாரா?"

அவன் பாட்டிலை மேஜைமேல் வைத்தான்.

"ஆமாம்" என்றான். "ரொம்ப."

ஐனோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஆறிப்போன இரண்டு கோப்பைகளையும் கொட்டிக் கழுவிவிட்டு, புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.