டாக்டர் கையெழுத்து

ஏணியிலிருந்து விழுந்த இடுப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது பத்து நாள் மாத்திரைதான். வலி போய் ஒரு வருஷமாகியும் பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு அந்த மாத்திரை இல்லாமல் பொழுது நகரவில்லை. எழுத்துதானே தொழில்; டாக்டரின் கிறுக்கலை அச்சு அசலாக எழுதி, மருந்துக்கடையில் நீட்டிவிடுவார்.

அன்று கடைக்காரம்மா சீட்டை உற்றுப் பார்த்தாள்.

“என்னண்ணே, இதுல மாத்திரை பேரே இல்லையே? ‘என்னால நிறுத்த முடியல, காப்பாத்துங்க’ன்னுல்ல இருக்கு!”

“கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரும்மா!”

வீட்டுக்குப் போய், மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டி வேறு சீட்டில் எழுதி வந்தார். அந்தம்மா வாசித்தாள்:

“‘இந்த ஆளு சொல்றத நம்பாதீங்க.’”

கடையிலேயே நின்று, அவள் கண்முன்னால் மூன்றாவதை எழுதினார்.

“‘டாக்டர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவாரு, கையோட கூட்டிட்டுப் போங்க.’”

அந்தம்மா கடையைப் பூட்டிவிட்டு, கையோடு கூட்டிப் போனாள்.

டாக்டர் மூன்று சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கையெழுத்துதான். ஆனா சத்தியமா ஒண்ணும் புரியலைங்க. நீங்களே வாயால சொல்லிடுங்களேன்.”

பெயர்ப்பலகைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் பேனாவை எடுத்து, முத்து முத்தான எழுத்தில் குறித்துக்கொண்டார்.